பிறந்த உடலின் பாலினமும் மனம் உணரும் பாலினமும் வேறுபடும்போது கிறிஸ்தவம் என்ன சொல்கிறது?

திருநங்கையான உங்கள் சித்தப்பா பிள்ளை செந்தூலில் ஒரு தமிழ் ஆராதனைக்குச் சென்று வருகிறார் என்றும், ஞானஸ்நானம் பெற விரும்புகிறார் என்றும், பிறந்த உடலின் பாலினமே இறுதியானது என்று கிறிஸ்தவம் கருதுமானால் அவரைச் சபை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் லுத்தரன் சபையில் வேதபாட வகுப்பு நடத்தி வருபவன். இது என் சபையின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு அல்ல. உங்கள் கேள்விக்குள் உடலைப் பற்றிய போதனை என்ன என்பதும், அந்த ஆளைச் சபை எப்படி நடத்த வேண்டும் என்பதும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலாவதற்கு விடை சொல்லிவிட்டாலே இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று நம் சபைகளில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேதம் அப்படிச் செய்யவில்லை என்பதே என் கருத்து.

உடலைப் பற்றிய போதனை ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், 27ஆம் வசனத்தில் தொடங்குகிறது. தேவன் மனிதரைத் தம்முடைய சாயலாகவும் "ஆணும் பெண்ணுமாக" படைத்தார் என்று அது சொல்கிறது. உடல் என்பது ஆத்துமாவை அடைத்து வைத்த சிறை என்று போதித்த ஞானவாதக் குழுக்களை இரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபை மறுத்தது. கிறிஸ்து மெய்யான உடலோடு பிறந்தார் என்றும், கடைசி நாளில் சரீரமே உயிர்த்தெழும் என்றும் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். ஆகவே, "உண்மையான நான் உள்ளே இருக்கிறேன், உடல் வெறும் உறை" என்ற பேச்சு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் மரபான கிறிஸ்தவ மனத்துக்கு அது உறுத்தவே செய்யும். கத்தோலிக்கத் திருச்சபை 2024 ஏப்ரலில் வெளியிட்ட 'டிக்னித்தாஸ் இன்ஃபினித்தா' என்ற அறிக்கை, பாலின மாற்றச் சிகிச்சை பொதுவாக மனிதர் பெற்ற மாண்புக்கு ஆபத்து விளைவிக்கும் என்று கூறுவதும், பிறவியிலேயே பிறப்புறுப்பில் உள்ள குறைபாட்டுக்கான மருத்துவத்தை அதிலிருந்து விலக்கி வைப்பதும் இந்த அடிப்படையில்தான். அமெரிக்க சுவிசேஷகக் குழுக்கள் 2017இல் வெளியிட்ட நாஷ்வில் அறிக்கையும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறது. உடல் தேவன் கொடுத்தது, அதற்குப் பொருள் உண்டு என்ற அளவில் நானும் இவர்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் நம் ஊர்ப் பிரசங்கங்களில் இதற்குப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படும் வசனம் ஆதியாகமம் அல்ல. ஆண் பெண்ணின் உடையையும் பெண் ஆணின் உடையையும் அணியலாகாது என்ற உபாகமம் 22:5தான். அதே அதிகாரத்தில் ஆறு வசனங்கள் தள்ளி, கம்பளி நூலும் லினன் நூலும் கலந்த துணியை உடுத்தலாகாது என்றும் இருக்கிறது. தம் சட்டையின் நூல் கலவையை ஒருபோதும் பார்த்திராத பிரசங்கியார் முதல் வசனத்தை மட்டும் இடிபோல் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அதைவிடப் பலமான ஆதாரம் கையில் இருக்கும்போது அவர்கள் ஏன் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இடைபாலினரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எக்ஸ்-ஒய் குரோமோசோம்களோடு பிறந்தும், ஆண்ட்ரோஜன் ஹார்மோனை உடல் ஏற்றுக்கொள்ளாததால் வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே வளர்பவர்கள் உண்டு. இருபாலும் கலந்து பிறப்பவர்கள் அரிதானவர்கள் என்றாலும் எக்காலத்திலும் இருந்து வருகிறார்கள் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகஸ்தீன் எழுதியிருக்கிறார். திருநங்கையரும் இடைபாலினரும் ஒன்றல்ல. முன்னவர்களுள் பெரும்பாலானோரின் உடலில் அத்தகைய குழப்பம் எதுவும் இல்லை. இந்த விவாதத்தில் எதிர்ப்பவர்களும் ஏற்பவர்களும் தத்தம் வாதத்துக்கு வசதியாக இவ்விரு பிரிவினரையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆளைப் பற்றிய கேள்விக்கு வேதத்தில் ஒரு நீண்ட இழை இருக்கிறது. அதைத் தொடர்ச்சியாக வாசித்தவர்கள் குறைவு. ஆண்மை நீக்கப்பட்டவர்களை வேதம் அண்ணகர் என்கிறது. உபாகமம் 23:1 அத்தகையவர் கர்த்தருடைய சபைக்குள் வரலாகாது என்று கதவை அடைக்கிறது. ஏசாயா 56ஆம் அதிகாரம் அதே கதவைத் திறக்கிறது: அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், தம் உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளும் அண்ணகருக்குத் தம் ஆலயத்தில் குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட மேலான இடத்தையும் பெயரையும் தருவதாகக் கர்த்தர் வாக்களிக்கிறார். மத்தேயு 19ஆம் அதிகாரத்தில், "ஆதியிலே ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினார்" என்று திருமணத்தைப் பற்றிப் போதித்த இயேசு, அதே உரையாடலில் சில வசனங்கள் கழித்து, தாயின் வயிற்றிலிருந்தே அண்ணகராய்ப் பிறந்தவர்களும், மனிதரால் ஆக்கப்பட்டவர்களும், பரலோக ராஜ்யத்தினிமித்தம் தங்களை ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு என்கிறார். அவர்களைக் கண்டிக்கும் ஒரு சொல்லும் அங்கே இல்லை. படைப்பின் ஒழுங்கைச் சொன்ன அதே வாய் அதற்குள் அடங்காதவர்களையும் எண்ணிப் பார்த்தது. பிறகு அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில், எருசலேமுக்குத் தொழுதுகொள்ளப் போய்த் திரும்பும் எத்தியோப்பிய மந்திரி, ஓர் அண்ணகர், காசாவுக்குப் போகும் வழியில் இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு வருகிறார். அவர் வாசித்த பகுதிக்குச் சற்றுத் தள்ளித்தான் அந்த வாக்குறுதி இருக்கிறது. தண்ணீரைக் கண்டதும், "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்று கேட்கிறார். பிலிப்பு அவரோடு தண்ணீரில் இறங்குகிறார்.

இங்கும் மிகையாகப் பேசக் கூடாது. அண்ணகர் என்பவர் இன்று நாம் சொல்லும் திருநங்கை அல்லர். தம்மைப் பெண்ணாக உணர்ந்தார் என்று அந்த மந்திரியைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. கி.பி. 325இல் கூடிய நிசேயா மாமன்றத்தின் முதல் விதியும், நோயினாலோ பிறரது கொடுமையினாலோ அண்ணகரானவர் குருத்துவத்தில் தொடரலாம், தன் விருப்பத்தால் அப்படிச் செய்துகொண்டவர் கூடாது என்று பிரித்தே பார்க்கிறது. ஏற்பு மனப்பான்மை கொண்ட சபைகள், பகலும் இரவும் படைக்கப்பட்டபோது அந்திப்பொழுதும் சேர்ந்தே படைக்கப்பட்டது போல ஆண் பெண் இரண்டுக்கும் இடையிலும் மனிதர் உண்டு என்று வாதிடுகின்றன. "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்ற கலாத்தியர் 3:28ஐயும் துணைக்கு அழைக்கின்றன. இங்கிலாந்துத் திருச்சபை 2018 டிசம்பரில், பாலினம் மாறியவர்கள் தம் ஞானஸ்நான விசுவாசத்தை ஆராதனையில் புதுப்பித்துக்கொள்ள வழிகாட்டுதல் வெளியிட்டது. கலாத்தியரில் பவுல் பேசுவது கிறிஸ்துவுக்குள் எவரும் தாழ்ந்தவர் அல்லர் என்பதைத்தானே தவிர, உடல் வேறுபாடே இல்லை என்பதையல்ல என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு கருத்து வேற்றுமைக்கு இடையிலும், கண்டிப்பானது என்று பெயரெடுத்த வத்திக்கானே 2023இல், ஹார்மோன் சிகிச்சையும் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டவர்கள்கூட, விசுவாசிகளிடையே இடறலோ குழப்பமோ உண்டாகாத நிலையில், மற்ற விசுவாசிகளைப் போலவே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறலாம் என்று எழுத்துமூலம் பதிலளித்திருக்கிறது. எனவே கொள்கை கண்டிப்பாக இருப்பதால் வாசலில் நிறுத்துகிறோம் என்று எவரும் சொல்வதற்கில்லை.

நடைமுறையில் சிக்கல் வேறு இடங்களில் வரும். எங்கள் சபையில் ஒரு திருநங்கை ஞானஸ்நான வகுப்புக்கு வந்தபோது, விண்ணப்பத்தில் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணை எழுதிக்கொண்டிருந்த மூப்பரின் பேனா கடைசி இலக்கத்தில் நின்றுவிட்டது. நம் நாட்டில் அந்த இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். மூப்பர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சகோதரி, "அப்படியே எழுதுங்கள் ஐயா, பெயரை மட்டும் நான் சொல்லும் பெயராக எழுதுங்கள்" என்றார். ஞானஸ்நானப் பெயர் அரசாங்கப் பெயராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் எங்களிடம் இல்லாததால் அது எளிதாக முடிந்தது. அதைவிடக் கடினமாக இருந்தது போர்ட்டிக்சன் சபை முகாமில் யாரோடு அவருக்கு அறை ஒதுக்குவது என்பது. மூன்று கூட்டங்கள் பேசினோம். வேத வசனம் ஒன்றையும் எவரும் எடுக்கவில்லை. அவருக்குத் தனி அறை என்று முடிவானது. கூடுதல் கட்டணத்தை மாதர் சங்கம் ஏற்றுக்கொண்டது.

திருமணம் வேறு விஷயம். சபை விரும்பினாலும் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணத்தையே ஏற்கிறது; பதிவு அதிகாரம் பெற்ற போதகர் ஐசியைத்தான் பார்ப்பார். ஐசியில் பாலினத்தை மாற்ற 2005இலும் 2016இலும் உயர் நீதிமன்றம் அனுமதித்தது, ஆனால் பிந்திய தீர்ப்பை 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றிவிட்டது.

ஆகவே உங்கள் தங்கை ஞானஸ்நான நாளைக் குறிப்பதற்கு முன் போதகரைத் தனியே சந்தித்து, எந்தப் பெயரில் ஞானஸ்நானம், நற்கருணையில் பங்கு உண்டா, பாடகர் குழுவிலோ மாதர் சங்கத்திலோ சேரலாமா, உடையையோ சிகிச்சையையோ கைவிட வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா என்பவற்றை வெளிப்படையாகக் கேட்டுவிடட்டும். நிபந்தனை ஏதும் உண்டென்றால் அதை இப்போதே சொல்லும் போதகர் நேர்மையானவர். "முதலில் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மழுப்பும் இடத்தில் உங்கள் தங்கை அவசரப்பட வேண்டாம்.