தோசை தொண்டையில் நிற்கிறது, டாக்டர்!

கேள்வி: வயது 43. இரண்டு வருடமாக தோசை, சப்பாத்தி எல்லாம் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்கிறது. வலி இல்லை, கஞ்சி இறங்கிவிடும். கேஸ் மாத்திரையால் பலனில்லை. ஹீமோகுளோபின் 7. பேரியம் எக்ஸ்ரேயில் உணவுக்குழாயில் சவ்வு இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் வேண்டாம் அம்மா. உணவு சிக்குவதும், ஹீமோகுளோபின் குறைந்த ரத்தசோகையும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'பிளம்மர்–வின்சன்' நோய். இரும்புச்சத்துக் குறைவோடு, உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு குறுக்கே வளரும் அரிய நோய் இது. 1919இல் பிரிட்டனில் பேட்டர்சன், பிரவுன் கெல்லி என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நடுவயதுப் பெண்களிடம்தான் அதிகம்.

நான் இப்படி வருபவர்களின் கையைத்தான் முதலில் பார்ப்பேன். நகம் கரண்டி போலக் குழிந்திருக்கிறதா? வாயோரம் வெடித்திருக்கிறதா? உங்கள் நகத்தையும் பாருங்கள்.

சவ்வு மெல்லியதாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையிலேயே விழுங்குவது சரியாகலாம். சில மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. அப்புறமும் அடைத்தால் எண்டோஸ்கோப்பி (வாய் வழியே விடும் கேமரா குழாய்) வழியாக பலூன் அல்லது விரிப்பான் குழாயை விட்டு அகலப்படுத்துவார்கள். பலருக்கு ஒரே தடவை போதும்.

இரும்பு எங்கே போகிறது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கா, மூலமா? கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால் விழுங்குவது சரியானாலும் எண்டோஸ்கோப்பி பரிசோதனையைத் தொடருங்கள்.