சிவிடி கியர்பாக்ஸில் செயின் சத்தம் வந்தால் முழுப் பெட்டியையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் இருக்கிறார். செயின் வகை சிவிடி (படிப்படியான கியருக்குப் பதில் இரண்டு புல்லிகளில் பெல்ட்டோ செயினோ ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வைத்த கார். சில மாதமாக ‘உய்ங்’ என்று ஒரு சத்தம். சர்வீஸ் சென்டரில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “செயின் போயிடுச்சு, அசெம்ப்ளியே மாத்தணும்” என்று லட்சக்கணக்கில் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். செயினை மட்டும் மாற்ற முடியாதா என்கிறார்.

கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஆயில் பானை, அதாவது கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

லால்பாக் பக்கம் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்கிறேன். விளம்பரம் என்று யாராவது சொல்வார்கள் என்பதால் கடைப் பெயரை எழுதவில்லை, உள்பெட்டியில் கேட்டாலும் தரமாட்டேன். எஞ்சினியர் இல்லை, ஐடிஐ படித்தவன். ஆனால் இந்தச் செயினைக் கையில் எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்தவன். எஸ்டிமேட் எழுதும் கவுன்டரில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

உங்களுக்கு இன்னும் வாரன்டி இருந்தால் மட்டும் நான் சொல்லப் போவதை விட்டுவிடுங்கள். வெளி ஆள் கை வைத்தால் வாரன்டி போய்விடும். கம்பெனி செலவில் மாற்றித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், புகாரை எழுத்தில் கொடுங்கள். வாரன்டி முடிந்தவர் என்றுதான் உங்கள் கேள்வியைப் படித்து நினைக்கிறேன். இல்லையென்றால் எஸ்டிமேட் வந்திருக்காது.

சிவிடி என்றாலே ‘ரப்பர் பேண்ட்’ என்று இந்தத் தளத்திலேயே பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஸ்கூட்டருக்கு அது சரி. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டாவில் இருந்து இன்றைய பெட்ரோல் ஸ்கூட்டர் வரை ரப்பர் பெல்ட்தான். அப்பா ஸ்ரீராமபுரத்தில் அந்த பெல்ட்டுகளை மாற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். காரிலும் ஆரம்பத்தில் ரப்பர்தான்: 1958-ல் ஹாலந்தின் டாஃப் கம்பெனி விட்ட சின்ன கார். இப்போது கார்களில் இருப்பது இரும்பு, அதிலும் இரண்டு வகை. ஒன்று புஷ் பெல்ட்: மெல்லிய எஃகு வளையங்களில் நூற்றுக்கணக்கான தகடுகளைக் கோத்தது. ஒரு தகடு அடுத்த தகட்டைத் தள்ளும், அப்படித்தான் சக்தி போகும். ஹோண்டா சிட்டி, பலேனோ சிவிடி எல்லாம் அந்த வகை. இன்னொன்று செயின். இது தள்ளாது, இழுக்கும். 1999-ல் ஆடி ஏ6-க்கு வந்த மல்டிட்ரானிக், 2009-ல் சுபாரு லெகசிக்கு வந்த லீனியர்ட்ரானிக், நம் ஊரில் 2019 செல்டோஸ், 2020 க்ரெட்டா பெட்ரோலில் ஐவிடி என்ற பெயரில் போட்டிருக்கும் சிவிடி எல்லாம் செயின்.

செயினைக் கையில் வாங்கிப் பார்த்தால் சைக்கிள் செயின் மாதிரி இருக்காது. ரோலர் இல்லை, பல் இல்லை. மெல்லிய லிங்க் பிளேட்டுகள் அகலவாக்கில் நெருக்கி அடுக்கியிருக்கும். ஒரு மல்டிட்ரானிக் செயினில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவற்றைக் குறுக்கே கோப்பது ஜோடி ஜோடியான பின்கள். செயின் வளையும்போது ஒரு பின் மற்ற பின் மேல் உருளும், உரசாது. அதனால்தான் இழப்பு குறைவு, புல்லியில் சின்ன வட்டத்திலும் சுற்றிக்கொள்ளும், டார்க்கும் தாங்கும். புல்லியைத் தொடுவது பின்னின் இரண்டு முனைகள் மட்டுமே. கூம்பு வடிவப் புல்லியின் இரண்டு பாதிகளும் ஆயில் பிரஷரில் அந்த முனைகளை இறுக்கிப் பிடிக்கின்றன. மொத்த வண்டியும் அந்தப் பிடியில்தான் நகர்கிறது.

சத்தமும் அங்கே இருந்துதான். எல்லா பிளேட்டும் ஒரே நீளத்தில் இருந்தால் பின்கள் சரியான இடைவெளியில் புல்லியில் வந்து தட்டும், அது ஒரே சுருதியில் ஊளையிடும். அதை உடைக்கத்தான் இரண்டு வேறு நீளத்தில் பிளேட் செய்து கலந்து கோர்க்கிறார்கள். அப்படியும் முழுதாகப் போகாது. மெதுவாக மேடு ஏறும்போது, சிக்னலில் இருந்து இழுக்கும்போது லேசான ஒரு ‘உய்ங்’ நல்ல செயினிலும் இருக்கும். புது வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டதால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எங்களிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன், உங்கள் கதையேதான். வண்டிக்காரர் கோலார் தங்கவயல்காரர், எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் டர்னராக (லேத்தில் கடைசல் வேலை) இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் “செயின் காலி” என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பானைக் கூடக் கழற்றவில்லை, போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. “தம்பி, ஒரு பீஸைத் தூக்கிப் போடணும்னா அளந்து பார்த்துட்டுத்தானே போடணும்? அளக்காமலே ரிஜெக்ட்னு சீல் குத்துறாங்க” என்றார். நாற்பது வருஷம் லேத்தில் நின்றவரின் கோபம்.

அவரோடு ஓசூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலும் சத்தம் அப்படியே இருந்தது, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கியது. செயின் சத்தம் அப்படி இருக்காது. லோடு கொடுத்தால் கூடும், காலை எடுத்தால் அமுங்கும், ரேஷியோ (இரண்டு புல்லிகளின் சுற்று விகிதம்) மாறும்போது சுருதியும் மாறும். பெட்டிக்குள் பேரிங் என்று எனக்குத் தோன்றியது. வீல் பேரிங்காக இருக்கலாமே என்று வண்டியை இடமும் வலமும் ஒடித்துப் பார்த்தேன். சத்தத்தில் மாற்றமில்லை, அதனால் வீல் இல்லை.

ஆயில் பானை இறக்கினால், இரும்புத் துகளைப் பிடிக்க அதற்குள் வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போலப் பசை. விரலில் தேய்த்தால் நெறுநெறுக்கவில்லை. அது இயல்பான தேய்மானம். பெட்டியை இறக்கித் திறந்தோம். புல்லிகளையும் செயினையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும் முன்னால் செயின் எந்தப் பக்கம் ஓடியது என்று மார்க் போட்டுக்கொண்டேன், திரும்ப அதே பக்கமாக ஓடட்டும் என்று. பின்களின் முனைகளில் புல்லி பட்ட இடம் மட்டும் சீராகப் பளபளத்தது, எந்த முனையும் மழுங்கியோ சூட்டில் நீலம் பாய்ந்தோ இல்லை. வண்டிக்கார சார் கேட்காமலே முன்னால் வந்தார், துணியால் புல்லியைத் துடைத்தார், கட்டைவிரல் நகத்தை நடுவில் இருந்து விளிம்பு வரை இழுத்தார். எங்கேயும் தட்டவில்லை. “ஃபினிஷ் இருக்குப்பா” என்றார். புல்லி ஷாஃப்ட்டின் ஒரு பேரிங்கில், குண்டு ஓடும் தடத்தில் கடுகளவு ஒரு பள்ளம். சத்தம் அதுதான். பேரிங், சீல், ஃபில்டர், கம்பெனி சொன்ன ஆயில், ஸ்கேனரில் மறுபடி அடாப்டேஷன் (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைப் புதிதாகப் பழக்குவது). பழைய செயினையே போட்டோம். அவர்கள் எழுதிக் கொடுத்த தொகையில் சின்னப் பங்கில் வேலை முடிந்தது. வண்டி இன்னும் ஓடுகிறது, தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போய் வருகிறார்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று எனக்கே தெரியும். அந்த வண்டியை டெலிவரி கொடுக்க சர்ஜாபூர் ரோட்டில் அவர் மகனுடைய அபார்ட்மென்டுக்குப் போனேன். கேட்டில் போட்டோ பிடித்தார்கள், பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சரி, பாதுகாப்பு. ஆனால் பார்சல் கொடுப்பவருக்கும் மெக்கானிக்குக்கும் குடியிருப்பவர்கள் போகும் முன் லிஃப்ட் கிடையாதாம், பின்னால் குப்பை இறக்கும் லிஃப்ட்டில் போக வேண்டுமாம். அவர்கள் குடும்பத்தோடு மலை ஏறி இறங்கும் வண்டியின் உயிர் என் கையில் இருந்து வந்திருக்கிறது, கூட ஒரே லிஃப்ட்டில் நிற்க மட்டும் நான் ஆகாது. சார் விஷயம் தெரிந்து தானே கீழே இறங்கி வந்தார், என்னை அழைத்துக்கொண்டு முன் லிஃப்ட்டிலேயே மேலே போனார். காபி கொடுத்தார். இந்த வேலைக்குப் பையன்கள் ஏன் வருவதில்லை என்று பலரும் கேட்கிறார்களே, காரணம் சம்பளம் மட்டுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் பெட்டியும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை, அப்படி எழுதினேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர் பக்கம் வெள்ளம் வந்ததே, அப்போது வந்தவற்றில் பல பிழைக்கவில்லை. பேஸ்மென்டில் நின்ற வண்டிகளில் தண்ணீர் உள்ளே போய் ஆயிலோடு கலந்துவிட்டது. சிவிடி ஆயிலின் வேலை வழுக்க வைப்பது மட்டுமில்லை, பின்னும் புல்லியும் அழுத்தத்தில் சேரும் இடத்தில் வழுக்காமல் பிடி கொடுப்பதும்தான். தண்ணீர் கலந்தால் அந்தப் பிடி போகும். போதாததற்கு முன் சக்கரம் தரையில் உருள, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, பிரஷர் இல்லை, செயின் புல்லியில் சும்மா கிடந்து தேய்ந்தபடியே வரும். அப்படி வந்த புல்லியில் நகத்தை வைத்தால் வளையம் வளையமாகத் தட்டும். காந்தத்தில் பசை இருக்காது, ஊசி ஊசியாக மின்னும் துகள் இருக்கும். அந்தப் பெட்டிக்கு நானும் மாற்றத்தான் சொன்னேன்.

இனி நீங்கள் கேட்டது: செயினை மட்டும் மாற்றலாமா? புல்லி நன்றாக இருந்தால் பெரும்பாலும் செயினும் நன்றாகவே இருக்கும், மாற்ற வேண்டியதில்லை. பின்களின் முனை தேய்ந்திருந்தால் புல்லியும் கோடு விழுந்திருக்கும், அதில் புதுச் செயின் போட்டால் அதையும் தின்றுவிடும். மாற்றினால் புல்லியும் செயினும் செட்டாக மாற்றுங்கள். உதிரிப் பாகக் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் பழைய வண்டியில் கழற்றிய செயினைத் தனியாகக் காட்டுவார்கள், விலையும் ஆசை காட்டும். வேறு புல்லியில் ஓடித் தேய்ந்த செயினின் பின்கள் உங்கள் புல்லியில் சீராக உட்காராது. வாங்காதீர்கள்.

பிக்கப்பில் ஆர்பிஎம் முதலில் ஏறி வண்டி பின்னால் வருவதைச் ‘செயின் ஸ்லிப்’ என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சிவிடியின் இயல்பு. ஒரே வேகத்தில் போகும்போது ஆர்பிஎம் முள் திடீரென்று எகிறி, வண்டி இழுக்காமல் நின்றால்தான் ஸ்லிப். அப்படி நடந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள், வண்டியையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட்டில் அனுப்புங்கள்.

ஆயில் ‘லைஃப்டைம்’ என்று சொல்பவர்கள் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்பதில்லை. இந்த ஊர் டிராஃபிக்கில் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுங்கள். கம்பெனி கையேட்டில் வேறு கணக்கு இருக்கிறதே என்று யாராவது கேட்டால், அதே கையேட்டில் கடுமையான உபயோகத்துக்குத் தனி வரி இருக்கும், அதைப் படிக்கச் சொல்லுங்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்ற விடாதீர்கள். டப்பாவை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள்.

இரட்டை கிளட்ச் வகை கியர்பாக்ஸ்தான் சிறந்தது, சிவிடியே வேண்டாம் என்று கீழே எழுத வருபவர்கள் தனிக் கேள்வி போட்டுக்கொள்ளுங்கள், இவர் வாங்கி முடித்த வண்டியைப் பற்றிக் கேட்கிறார்.

நீங்கள் மாடல், ஓடிய கிலோமீட்டர், கடைசியாக எப்போது எந்த ஆயில் ஊற்றினார்கள் என்ற மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள். காலை எடுத்ததும் சத்தம் அமுங்குகிறதா என்பதையும் சொல்லுங்கள். பானைக் கழற்றினால் காந்தத்தைத் துடைக்கும் முன்னால் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.