அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியா இருந்தப்ப கடையில என்னென்ன கைக்கருவி வித்தாங்க?

"ஊர்க் கொல்லரே எல்லாம் செஞ்சிருப்பாரே, கடை எதுக்கு"ன்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி. கோடாலி, மண்வெட்டி, கீல் எல்லாம் கொல்லர் அடிச்சார்தான், ஆனா ரம்பம், அரம், உளி மாதிரி நல்ல ஸ்டீல் வேணுங்கிற சாமான் பெரும்பாலும் இங்கிலாந்துல ஷெஃபீல்டு, பர்மிங்காம் பக்கம் இருந்து கப்பல்லதான் வந்துச்சு. 1750ல இரும்புச் சட்டம்னு ஒண்ணு போட்டு காலனியில புதுசா ஸ்டீல் உலை கட்டவே கூடாதுன்னுட்டாங்க, இரும்பை கச்சாவா அனுப்பு, கருவியா எங்ககிட்ட வாங்கிக்கோங்கிற கதை, எவ்ளோ அநியாயம் பாருங்க.

கோடாலி பல சமயம் தலை மட்டும்தான் விப்பாங்க, காம்பை வாங்கினவரே ஹிக்கரி மரத்துல செதுக்கி மாட்டிக்குவார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃப்ரோ. நீளமான தகடு, ஒரு முனையில வளையம், அதுல மரப்பிடி செங்குத்தா மேல நிக்கும். தகட்டை மரத்துண்டு மேல வச்சு முதுகுல கட்டையால ஒரு போடு போட்டு, பிடியை அப்படியே நெம்பினா மரம் நார்வாக்குல பிளந்துக்கிட்டே போகும், கூரைக்குப் போடுற சின்னப் பலகையெல்லாம் இப்படி எடுத்ததுதான், அறுக்காம பிளக்குறதால நார் வெட்டுப்படாது, மழைத்தண்ணி சீக்கிரம் ஊறாது.

மரத்துல ஓட்டை போடுற துரப்பணம், மரம் செதுக்குற வாய்ச்சி, அரிவாள், ஆணியும் கடையில இருக்கும். வர்ஜீனியால காசு புழக்கம் கம்மி, அதனால கணக்குல எழுதி வாங்கிட்டு புகையிலையா கொடுத்து கழிச்சாங்க.