மைசூர்பா மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: காலையில் இரண்டு இட்லி, மதியம் அளவுச் சாப்பாடு என்று ஒழுங்காகத்தான் இருக்கிறேன். ஆபீஸில் யாராவது மைசூர்பா நீட்டிவிட்டால் முடிந்தது. ‘இன்றைக்கு டயட் போச்சு’ என்று ராத்திரி பரோட்டா வரை தின்று தீர்க்கிறேன். மறுநாள் பார்த்தால் ஒரு கிலோ ஏறியிருக்கிறது. எனக்கு மனவுறுதியே இல்லை, உடம்பு வாகும் அப்படி. நான் இளைக்கவே மாட்டேனா? - ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு துண்டு மைசூர்பா சுமார் 200 கலோரி. ராத்திரி மூன்று பரோட்டா என்று வைத்துக்கொண்டாலே, சால்னாவோடு, எப்படியும் 800-ஐத் தாண்டும். அப்படியென்றால் அன்றைய நாளைக் கெடுத்தது எது? ‘போச்சு’ என்று நீங்களே எழுதிய தீர்ப்புதான். ‘தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன’ என்பார்கள், சரி, ஆனால் நீங்கள் தண்ணீர் கணுக்காலை நனைத்தவுடனேயே அதைச் சொல்லிவிடுகிறீர்கள்!

இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1975-இல் அமெரிக்காவில் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களுக்கு மில்க்‌ஷேக் கொடுத்து, அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். டயட்டில் இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்தபின்தான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பின்னால் நடந்த ஆய்வுகளில் இன்னொரு வேடிக்கை: உள்ளே போனதில் உண்மையில் எவ்வளவு கலோரி என்பதுகூட முக்கியமில்லை, ‘நிறைய சாப்பிட்டுவிட்டோம்’ என்ற நினைப்பே போதுமாக இருந்தது. ஆக, மனவுறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதில் பிரயோஜனமில்லை. விதியை அத்தனை கறாராகப் போட்டுக்கொண்டால் ஒரு துண்டு இனிப்பிலேயே அது உடைந்துதான் போகும்.

அந்த ஒரு கிலோ? ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும், ஒரு ராத்திரியில் உங்களால் முடியாது. உப்பும் மைதாவும் பிடித்து வைத்த தண்ணீர்தான் பெரும்பகுதி, இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். தினமும் மெஷின் மேல் ஏறி மனசைக் கெடுத்துக்கொள்ளாமல் வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள்.

உடம்பு வாகு என்பதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. சிலருக்கு மெதுவாகத்தான் குறையும். தைராய்டு சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், அதையே வருஷக்கணக்கில் சாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி இனிப்பு வந்தால் சாப்பிடுங்கள், நிதானமாக, ருசித்து, ஒரு துண்டு. ராத்திரி வழக்கமான சாப்பாடு. பிராயச்சித்தப் பட்டினி கூடாது, அதுதான் மறுநாள் ராத்திரி பரோட்டாக் கடைக்கு வழி காட்டும். திங்கட்கிழமையிலிருந்து புதிதாக ஆரம்பிக்கிற வழக்கத்தையும் விடுங்கள். நிறுத்த முடியாமல் தின்பதும், தின்றபின் வாந்தி எடுப்பதும் அடிக்கடி நடந்தால் மட்டும் எனக்கு எழுதாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.