வேரில் முந்திக் குடியேற வேண்டிய பாக்டீரியா: கேள்வி பதில்

கேள்வி: தக்காளிச் செடி பாதி வாடிவிட்டது. இப்போது சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கரைத்து ஊற்றினால் பிழைக்குமா?

பதில்: பிழைக்காது. தண்டின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பேறியிருந்தால் நோய் நீர் ஏறும் குழாய்களுக்குள் புகுந்துவிட்டது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டு, இன்னும் வாடாத செடிகளின் தூரில் ஊற்றுங்கள். இது மருந்தல்ல, காவல்.

கேள்வி: ஒரு பாக்டீரியா எப்படிப் பூஞ்சாணத்தைத் தடுக்கிறது?

பதில்: பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது இரும்புச் சண்டை. மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் கரைந்து கிடைப்பது கொஞ்சம்தான். சூடோமோனாஸ் ஃப்ளுரசன்ஸ், சிடெரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து அந்தக் கொஞ்சத்தையும் வளைத்துப் போட்டுக்கொள்ளும். பூஞ்சாணம் இரும்புக்குத் திண்டாடும். ஆய்வகத் தட்டில் புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்வதும் இந்தப் பொருள்தான், பெயரும் அதனால் வந்ததே. அப்புறம், சில வகைகள் பூஞ்சாணத்தைக் கொல்லும் பொருள்களையும் சுரக்கும். வேரில் குடியேறியபின் செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் உசுப்பிவிடும். வேரில் இருந்துகொண்டே இலை நோயைக்கூடக் குறைப்பது இப்படித்தான்.

கேள்வி: விதை நேர்த்திக்கு எவ்வளவு?

பதில்: பொடியாக இருந்தால் பொதுவாக 1 கிலோ விதைக்கு 10 கிராம். விதையை லேசாக ஈரப்படுத்திப் பிசறினால் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாகப் படியும். நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். வெயிலில் காயவைத்தால் செய்த வேலை வீண்.

கேள்வி: காப்பர் மருந்தோடு கலந்து தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம். செம்பு பாக்டீரியாவையும் கொல்லும்.

கேள்வி: சூடோமோனாஸ் நல்லதா, இதே வேலைக்கு விற்கும் இன்னொரு பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸ் நல்லதா?

பதில்: வைத்திருந்து பயன்படுத்துவதானால் பேசில்லஸ். அது கெட்டியான உறைக்குள் வித்தாகச் சுருண்டு நெடுநாள் தாங்கும். சூடோமோனாஸுக்கு அந்த வசதி கிடையாது. பழைய பொட்டலத்தில் உயிரே இல்லாமல் வெறும் மாவுதான் மிஞ்சியிருக்கும், ஆகவே தயாரித்த தேதியைப் பாருங்கள்.

கேள்வி: பாக்டீரியாவால் வரும் நோய்க்கும் பாக்டீரியா உதவுமா?

பதில்: உதவும். பழமரங்களின் வேர்க்கழுத்தில் கழலை உண்டாக்குவது ஒரு மண் பாக்டீரியா. அதன் நெருங்கிய உறவான, தீங்கு செய்யாத கே84 என்ற வகையைக் கொண்டே அதைத் தடுக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் செடி நோய் ஆய்வாளர் ஆலன் கெர் 1970களில் காட்டினார். பங்காளியே பங்காளிக்கு எதிரி! ஆனால் திராட்சையைத் தாக்கும் கழலைப் பாக்டீரியாவிடம் இது எடுபடுவதில்லை. மற்ற மரங்களிலும் நடுவதற்கு முன் கன்றின் வேரைக் கரைசலில் முக்கினால்தான் பலன்.