கடற்கரைச் சுற்றுலா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெங்களூரிலிருந்து குடும்பத்துடன் மூன்று நாட்கள் வருகிறோம். குற்றாலத்தில் குளித்துவிட்டு, திருச்செந்தூர், கன்னியாகுமரி இரண்டையும் பார்க்க வேண்டும். ஒரு திட்டம் சொல்லுங்கள்.

பதில்: எந்த மாதம் வருகிறீர்கள் என்பதை எழுத மறந்துவிட்டீர்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் இதே குறைதான். திருநெல்வேலிச் சீமையில் மலைக்கு ஒரு பருவம், கடற்கரைக்கு வேறொரு பருவம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலில் குற்றாலம் களைகட்டியிருக்கும்போது, மலையைத் தாண்டி வரும் அதே காற்று ஈரத்தை இழந்து, கரையோரத்தில் தேரி என்னும் செம்மணல் மேடுகளின் மணலை வாரி முகத்தில் இறைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது அருவிகளில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை விதிப்பதும் உண்டு, கரையோரச் சாலைகள் மூழ்குவதும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதையும், திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதையும் அதற்குள் மறந்துவிடலாகாது. ஜூலையில் வருவதானால் குற்றாலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் கடற்கரைக்கு வாருங்கள். மூன்று ஊர்களையும் மூன்று நாட்களில் திணித்தால் வேனின் ஜன்னலைத்தான் பார்த்துத் திரும்புவீர்கள்.

கேள்வி: பிப்ரவரியில் இரண்டு நாட்கள், சொந்தக் கார். திருநெல்வேலியிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி போக முடியுமா?

பதில்: மாதம் குறிப்பிட்டதற்கு நன்றி. தாராளமாகப் போகலாம். திருச்செந்தூர் 55 கிலோமீட்டர். அங்கிருந்து குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு 20-க்குள். உவரி இன்னும் ஒரு 25. கூடங்குளம் வழியாகக் குமரி 50. மொத்தம் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விடியற்காலையிலேயே திருச்செந்தூர்த் தரிசனத்தை முடித்துவிட்டால், வெயில் சாயும் நேரத்தை மணப்பாட்டுக்கு ஒதுக்கலாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் உச்சியில் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். அதன் கீழே, கடலைப் பார்த்தபடி, 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலை அறையும் கடலும், மறுபக்கம் மணல் திட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் கருமேனியாற்றுக் கழிமுகமும், அதன் கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களும் ஒரே பார்வையில் தெரியும். பலரும் இதைக் கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நீங்கள் இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். செப்டம்பர் 14 திருவிழாவையொட்டிய நாட்களில் மட்டும் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூரில் அறை கிடைக்குமா?

பதில்: இப்போது கேட்டால் கிடைக்காது. இலட்சக்கணக்கில் கூடும் கூட்டத்தில் குழந்தைகளோடு கடற்கரையில் நிற்பதும் எளிதன்று. ஊர் பார்ப்பதுதான் நோக்கமென்றால் பௌர்ணமியும் ஞாயிறும் இல்லாத ஒரு வாரநாளில் வாருங்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் மே மாதம் சூரிய அஸ்தமனம் கடலில் தெரியுமா? திருவள்ளுவர் சிலைக்குப் படகு உண்டா?

பதில்: தெரியாது. கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் காண அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் சரியான காலம். மே மாதத்தில் சூரியன் வடக்கே தள்ளி நிலத்தின் பின்னால் மறைந்துவிடும். சிலையைப் பொறுத்தவரை, முன்பு நீர்மட்டம் தாழ்ந்தாலே அங்கே படகு போகாது. 2024 டிசம்பர் இறுதியில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, விவேகானந்தர் பாறைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து நடந்தே போகலாம். கடல் சீற்றமானால் பாறைக்கும் படகு கிடையாது. காலையில் முதல் வரிசையில் நில்லுங்கள்.

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் வருகிறோம். குளிப்பதற்குக் கூட்டமே இல்லாத, யாரும் கேள்வி கேட்காத கடற்கரை ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: சொல்லமாட்டேன். ஆண்டுதோறும் இந்தக் கடிதம் வருகிறது, ஊர் பெயர் மட்டும்தான் மாறுகிறது. ஒரு கடற்கரையில் ஆள் இல்லையென்றால், அங்கே உங்களை இழுத்துப் போடவும் ஆள் இல்லை என்று பொருள். உவரிக்கும் குமரிக்கும் இடையில் பார்வைக்கு அழகான கரைகள் நிறைய உண்டு; அங்கெல்லாம் பரதவர் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் நாளுக்கு நாள் திசையும் வேகமும் மாறும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால், கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அதுவாக இருக்கலாம்; புதிதாக வருகிறவர்கள் அந்த அமைதியை நம்பித்தான் இறங்குகிறார்கள். இது போதாதென்று கள்ளக்கடல் வேறு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவில் எழும் புயலின் அலை, இங்கே காற்றோ மேகமோ இல்லாத வெயில் நாளில் சட்டென்று கரையேறும். 2024 மே மாதத்தில் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது, இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த ஒரு நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடுகிறது, செய்திகளிலும் வருகிறது, படிப்பாரில்லை. கால் நனைக்க வேண்டுமென்றால் மீன் இறக்குகிற இடத்தில் நிற்கும் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள், அவர் “இன்னைக்கு வேண்டாம்” என்றால் ஏனென்று வாதாடாமல் திரும்புங்கள். நீச்சல் தெரியும் என்று எனக்கு மறுகடிதம் எழுத வேண்டாம். குளத்தில் கற்ற நீச்சல் இங்கே செல்லாது.

கேள்வி: திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளம் சரணாலயத்தில் பறவைகள் எப்போது?

பதில்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை, குளத்தில் தண்ணீர் இருந்தால். விடிந்ததும் போங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 70 வயது. திருச்செந்தூரில் கடலில் நீராடிவிட்டு, கோயிலருகே உள்ள நாழிக்கிணறு தீர்த்தத்திலும் நீராட வேண்டும் என்கிறார். நவம்பரில் அழைத்துவரலாமா?

பதில்: கடலில் முதலில், நாழிக்கிணற்றில் பிறகு என்ற வரிசையை அவரே அறிந்திருப்பார். ஆனால் நவம்பரில் அலை கடுமையாக இருக்கும்; மணல் அரித்துப் பாறைகள் வெளியே தெரியும் நாட்களில் காலில் அடிபட்டுக்கொள்ளும் பக்தர்கள் பலர். கரையில் உட்காரவைத்து ஒரு சொம்பு கடல்நீரைத் தலையில் ஊற்றிவிட்டு, நாழிக்கிணற்றுக்கு மெல்ல அழைத்துச் செல்லுங்கள். பிப்ரவரிக்குத் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது.