ஏங்கெல்சின் கடிதமும் கார்ப்பென்டரின் வீடும்: கேள்வி பதில்

கேள்வி: தோழர், மார்க்சும் ஏங்கெல்சும் தன்பாலீர்ப்பாளர்களைக் கேலி செய்தார்கள் என்கிறார்களே, அவதூறுதானே?

ஏங்கெல்ஸ் விஷயத்தில் உண்மை. கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் என்ற ஜெர்மானிய வழக்கறிஞர், 1867இல் மியூனிக்கில் நடந்த சட்ட அறிஞர்கள் மாநாட்டில், இந்த அன்பைத் தண்டிக்கும் சட்டங்கள் ஒழியவேண்டும் என்று பேச எழுந்தார். கூச்சல் போட்டே அடக்கிவிட்டார்கள். அவருடைய நூல் ஒன்றை மார்க்ஸ் ஏங்கெல்சுக்கு அனுப்பினார். 1869 ஜூன் 22 அன்று ஏங்கெல்ஸ் எழுதிய பதிலில் அந்த நூலைப் பற்றி இருப்பது ஆபாசக் கிண்டல். நண்பருக்கு எழுதிய கடிதம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 1884இல் அச்சான குடும்பம் பற்றிய நூலிலும் கிரேக்க ஆண்களின் உறவை அருவருப்போடுதான் குறிப்பிடுகிறார்.

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே அண்ணா?

நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சரியில்லை. ஏங்கெல்சுக்கு அரை நூற்றாண்டு முன்பே பிரெஞ்சு சோசலிஸ்ட் ஷார்ல் ஃபூரியே, தான் கனவு கண்ட சமூகத்தில் இந்த ஆசைக்கும் இடம் வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியைச் சீடர்களே அமுக்கிவிட்டார்கள், 1967இல்தான் அச்சேறியது. 1895இல் ஆண்களோடு உறவு வைத்ததாக எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு மீது வழக்கு நடந்தபோது, லண்டனில் அடைக்கலமாக இருந்த ஜெர்மன் சோசலிஸ்ட் எடுவார்ட் பெர்ன்ஸ்டைன், ‘இயற்கைக்கு விரோதம்’ என்ற சொல்லையே கைவிடச் சொல்லித் தன் கட்சி இதழில் எழுதினார்.

கேள்வி: ஜெர்மன் சோசலிஸ்ட் தலைவர் ஆகஸ்ட் பேபல் ஆதரித்தாராமே?

ஆமாம். 1898 ஜனவரி 13 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175ஆம் சட்டப் பிரிவை நீக்கக் கோரும் மனுவுக்காகப் பேசினார். போலீஸ் தன் கடமையைச் செய்தால் பெர்லினுக்கு மட்டுமே இரண்டு புதிய சிறை கட்டவேண்டி வரும் என்றார். பெரிய துணிச்சல். ஆனால் பெண்களைப் பற்றிய அவருடைய நூல் இதை இயல்பு கெட்டதாகவே பார்க்கிறது. தண்டிக்காதே என்றார், மதிக்கச் சொல்லவில்லை.

கேள்வி: தாமே அப்படி வாழ்ந்தவர் யாராவது?

ஆங்கிலேய சோசலிஸ்ட் எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டர். கேம்பிரிட்ஜில் பழகிய இலங்கைத் தமிழர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தேடி 1890இல் இலங்கை வந்து, ஒரு தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டவர். ஒருபால் அன்பைப் பற்றி அவர் எழுதிய சிறுநூலை மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகமே அச்சிட்டது. ஷெஃபீல்டு அருகே மில்தார்ப் கிராமத்தில் இருந்த அவர் வீட்டுக்கு, உழைக்கும் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் மெரில் 1898இல் குடிவந்தார். ஊர் பார்க்கவே சேர்ந்து வாழ்ந்தார்கள். மெரில் 1928இல் இறந்தார், கார்ப்பென்டர் அடுத்த வருடம். கில்ஃபோர்டில் இருவருக்கும் ஒரே கல்லறை.